பெயர் தெரியாத பட்டைகள்

வில்லியம் ஹெர்ஷல் என்றால் 1781-ல் யுரேனஸைக் கண்டவர் என்பதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். எனக்கென்னவோ, அவர் வைத்த ஒரு தப்புப் பெயரும், அவர் உஷ்ணமானியை வைத்த ஓர் இருட்டு மூலையுமே பெரிதாகப் படுகின்றன.

தொலைநோக்கியில் சில மங்கலான வட்டங்கள் யுரேனஸின் சாயலில் தெரிந்தன. 1785-ல் அவற்றைக் 'கிரக நெபுலா' என்றார். கிரகத்துக்கும் அவற்றுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. சூரியனைப் போன்ற நக்ஷத்திரம் அந்திமக் காலத்தில் உதறித் தள்ளிய வாயுவும் தூசும்தான் அவை. ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது.

1800-ல் முப்பட்டைக் கண்ணாடியால் வெயிலைப் பிரித்து, நிறம் நிறமாக உஷ்ணமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில், பாதரசம் இன்னும் ஏறியது. அகச்சிவப்புக் கிரணம் அகப்பட்ட கதை இதுதான்.

அந்தக் கிரணத்தைக் கொண்டு அந்த நெபுலாக்களைத் துருவிப் பார்க்க மனிதருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. 1973-ல் கில்லெட், ஃபாரஸ்ட், மெரில் என்ற மூவர் என்.ஜி.சி. 7027 முதலியவற்றின் நிறமாலையை வெளியிட்டார்கள். அதில் 11.3 மைக்ரானில் ஒரு மேடு. வாயு அணு காட்டும் கோடு மெல்லியதாக இருக்கும். இதுவோ அகலமாக இருந்தது. பிறகு 3.3, 6.2, 7.7 என்று ஒரு கூட்டமே சேர்ந்தது. 'இனம் தெரியாத பட்டைகள்' என்று எழுதிவைத்தார்கள். நாவல் எழுதுகிற எனக்கு அந்தத் தைரியம் வராது. ஏதாவது ஒரு பெயரைக் கற்பித்திருப்பேன்!

1984-ல் பிரான்ஸில் லெஜேயும் பூஜேயும் ஒரு விடை சொன்னார்கள். கரியணுக்கள் ஆறாறாகக் கைகோத்த வளையங்கள். நாம் துணிப்பெட்டியில் போடும் பாச்சை உருண்டையின் பெரிய உறவினர்கள். நக்ஷத்திர ஒளி பட்டதும் சூடேறி நடுங்கி, அகச்சிவப்பைக் கக்குகின்றனவாம். பொருத்தம் பிரமாதம். ஆனால் இத்தகைய வளையங்கள் எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடுங்கும். குலம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை. 2010-ல் டி.சி. 1 என்ற நெபுலாவில் 60 கரியணுக்கள் கொண்ட பந்து அகப்பட்டபோது அந்தச் சங்கடம் இல்லை. அதன் அடையாளம் அதற்கே உரியது.

2011-ல் ஹாங்காங்கில் குவோக்கும் ஜாங்கும் வழக்கை மறுபடி திறந்தார்கள். வளையம் மட்டுமல்ல, அவற்றைத் தாறுமாறாகப் பிணைக்கும் சங்கிலிகளும் உண்டு, 3.4 மைக்ரான் பட்டை அதற்குச் சாட்சி. நிலக்கரியைப் போன்ற இந்தத் துகளை, சாகிற நக்ஷத்திரம் சில ஆயிரம் வருஷத்துக்குள் செய்து முடிக்கிறது என்பது அவர்கள் கட்சி. மற்றவர்கள் ஒப்பவில்லை. ஒன்று சொல்ல வேண்டும்: கட்டுரைத் தலைப்பிலேயே விடையைச் சொன்ன அவர்கள், அதே தலைப்பில் 'இனம் தெரியாத' என்ற பழைய வார்த்தையையும் அப்படியே வைத்திருந்தார்கள்.