பாரந்தூக்கியின் ஓசை

தெல்லிப்பழையின் செம்மண் தோட்டங்களில் துலாவினால் நீரிறைத்த காலத்திலே, ஒருவர் துலாவின் மேலேறி முன்னும் பின்னும் நடப்பார். மற்றொருவர் கிணற்றடியில் நின்று பட்டை நீரை வாய்க்காலிற் கவிழ்ப்பார். ஆடுகால்களின்மேற் கிடந்து உழலும் அச்சுலக்கையின் ஓசை தோட்டக்காரருக்குப் பழகிய ஓசை. அது மாறிக் கேட்குமாயின் இறைப்பை நிறுத்தி அச்சைப் பார்ப்பதே முறை. மேலே நடப்பவன் மனிதன் அன்றோ?

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நீரிறைக்கும் இயந்திரம் துலாவின் இடத்தைப் பிடித்தது. துலாவின் ஓசை போயிற்று. ஓசையைக் கொண்டு குற்றமறியும் பழக்கமோ போகவில்லை. கிணற்றிலே நீர் தாழ்ந்தாலும், உறிஞ்சு குழாயின் மூட்டு இளகினாலும், இயந்திரம் காற்றை இழுக்கும்; அதன் குரல் கரகரக்கும்; வாய்க்காலில் நீர் விட்டு விட்டு விழும். இவ்வறிவுடையோர்க்கு, மோட்டார்க் காரை உயர்த்தும் நீரழுத்தப் பாரந்தூக்கி போடும் சத்தம் முற்றும் புதியதன்று.

இப்பொறியின் அடிப்படையை வகுத்தவர் பதினேழாம் நூற்றாண்டிற் பிரான்சு தேசத்தில் வாழ்ந்த பஸ்கால் என்பவர். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்திற் கொடுக்கும் அழுத்தம் குறையாது எத்திசையிலும் பரவும் என்பது அவர் கண்ட விதி. சிறிய தண்டின்மேல் இடும் விசை, நூறு மடங்கு பரப்புள்ள பெரிய தண்டிலே நூறு மடங்காகும். எனினும், இவ்விதியைத் தொழிலுக்குப் பயன்படுத்த நெடுங்காலம் சென்றது. 1795ஆம் ஆண்டில் யோசெப் பிராமா இங்கிலாந்தில் நீரழுத்தப் பொறிக்கு உரிமை பெற்றார். அழுத்தத்தைப் பெருக்குதல் எளிதாயிற்று. தண்டின் ஓரத்தால் நீர் கசியாது காத்தலே அரிதாயிற்று. அவருடைய பட்டறையில் வேலை செய்த ஹென்றி மோட்ஸ்லி, அழுத்தம் ஏற ஏறத் தானே இறுகும் தோல் வளையமொன்றை அமைத்து அக்குறையைத் தீர்த்தார் என்பர். பெரிய விதி சிறிய தோற்துண்டுக்காகக் காத்திருந்தமை எண்ணத்தக்கது. காரை உயர்த்தும் தூக்கி இன்னும் பிந்தியது. 1925இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்துப் பீற்றர் லுனாட்டி, நாவிதரின் உயர்த்தும் நாற்காலியைக் கண்டு அதனை அமைத்தார் எனக் கூறப்படுகின்றது.

யாழ்ப்பாணத்துக் கராச்சுகளிலே காரை உயர்த்துவதினும் மனிதன் கிடங்கில் இறங்குவதே நெடுங்கால வழக்கம். ஒஸ்ரின் ஏ40, மொரிஸ் மைனர் முதலிய பழைய கார்களை இவ்வூர்த் தொழிலாளர் எத்துணைத் திறமையோடு பேணினர் என்பதற்குப் போர்க்காலமே சான்று. 1990இன் பின் எரிபொருட் தடை நிலவிய ஆண்டுகளிலே, சில துளி பெற்றோலினால் இயந்திரத்தை எழுப்பி, மண்ணெண்ணெயினால் அதனை ஓட்டினர். தெல்லிப்பழை மக்களிற் பெரும்பாலோர் அதே ஆண்டில் இடம்பெயர்ந்தனர். உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்ட காணிகளுக்கு 2009இன் பின் படிப்படியாகவே மீண்டனர். மீண்டும் எழுந்த வீடுகளில், கிடங்குக்குப் பதிலாக இருதூண் தூக்கியை நிறுத்த விரும்புவோர் அதன் ஓசையையும் அறிந்திருத்தல் வேண்டும்.

எண்ணெய் பம்புக்குத் தடையின்றி வந்து சேராதபோது, அதன் வாயில் அழுத்தம் தாழ்ந்து குமிழிகள் தோன்றும். அவை அழுத்தம் மிக்க பக்கத்தை அடைந்ததும் நொறுங்கும். கொதிக்கப்போகும் கேத்தல் பாடுவதும் இவ்வாறு குமிழி நொறுங்குவதனாலேயே என்று ஒஸ்போர்ண் ரெயினோல்ட்ஸ் விளக்கினார். அதனைப் படித்த ரேலி பிரபு 1917இற் கணித்துப் பார்த்து, நொறுங்கும் குமிழியருகே மிகப் பெரும் அழுத்தம் பிறக்குமெனக் காட்டினார். கப்பற் சுழலிகளைக் குழிபறிப்பதும் இதுவே. பம்பினுள் கூழாங்கல் உருள்வது போலக் கேட்பின், எண்ணெய் குறைந்ததோ, வடிகட்டி அடைத்ததோ, தகாத தடித்த எண்ணெய் வார்க்கப்பட்டதோ என்று பார்க்க வேண்டும். தொட்டியில் எண்ணெய் வெண்ணுரையாய் நிற்குமாயின், உறிஞ்சு குழாயின் மூட்டுவழி காற்று நுழைகின்றது. மூட்டை இறுக்கி, எண்ணெயை நிரப்பி, வண்டியேற்றாது தூக்கியைப் பலமுறை ஏற்றி இறக்கினால் உள்ளே தங்கிய காற்று வெளியேறும்.

தூணிலிருந்து வரும் கிறீச்சொலி வேறு. அது கிறீஸ் வரண்ட கப்பியினதோ, தேய்ந்த வழுக்குக் கட்டையினதோ குரலாகும். மோட்டார் முனகியும் சுழலாதுவிடின் மின்னழுத்தம் போதாமையை முதலில் ஐயுறுக. உயரும்போது ஒழுங்காகக் கேட்கும் 'டக், டக்' என்ற ஒலியோ குற்றமன்று. பாதுகாப்புக் கொளுக்கிகள் படிதோறும் விழும் ஓசை அது. அவ்வொலி தொல்லையாயிருக்கிறதென்று கொளுக்கியைக் கட்டிவைப்பார் சிலர். அதனினும் மடமை வேறில்லை: எண்ணெய்க் குழாய் வெடித்தால் வண்டியைத் தாங்க எஞ்சியிருப்பது அக்கொளுக்கி ஒன்றே. இரு தூண்களிலும் அது ஒருங்கே விழாவிடின், கீழே எவரும் செல்லலாகாது.

எந்த ஓசையை ஆராய்வதாயினும் முதலில் வண்டியை இறக்கிவிட வேண்டும். நடுவழியில் இறங்க மறுக்கும் தூக்கியை அதனை அறிந்த தொழிலாளரே தொடுதல் நன்று. கசிவைக் கையினாலே தடவித் தேடலாகாது. சதுர சென்ரிமீற்றருக்கு நூறு கிலோகிராமுக்கு மேற்பட்ட அழுத்தத்தோடு ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலை ஊடுருவும். அழுத்தமிக்க எண்ணெயால் இவ்வாறு நேர்ந்த காயமொன்று 1937இலேயே மருத்துவ இதழில் வெளிவந்தது. வெளியே சிறு புள்ளியாகத் தோன்றும் அப்புண்ணுக்கு அன்றே அறுவை மருத்துவரை நாட வேண்டும். தாமதித்தால் விரலையே இழக்க நேரலாம். கசிவைத் தேடுவோர் ஒரு மட்டைத் துண்டைக் குழாயருகே நீட்டிப் பார்ப்பர். நனைந்த இடம் ஓட்டையைக் காட்டிவிடும்.