ஊர் துறந்தோர்: ஐதராபாத் வரலாற்றில் ஓர் ஏடு

பிழைப்பை நாடி ஊர் மாறுதல் ஒன்று; உயிர் பிழைக்க ஊரை விட்டோடுதல் மற்றொன்று. சிகந்திராபாத் கண்டோன்மெண்டிலும் இரயில்வேயிலும் அலுவலகங்களிலும் வேலை நாடி இங்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் முதல் வகையைச் சார்ந்தவை. நமக்கு வாழ்வளித்த இம்மாநகரம் இரண்டாம் வகையினரையும் கண்டதாகும். அவர்தம் வரலாற்றை அறிதல் இங்கு வாழும் நம் கடமையன்றோ?

நிஜாம் ஆண்ட ஐதராபாத் சமஸ்தானத்தில் தெலுங்கு மாவட்டங்கள் எட்டும், மராட்டிய மாவட்டங்கள் ஐந்தும், கன்னட மாவட்டங்கள் மூன்றும் அடங்கியிருந்தன. தெலுங்கானாச் சிற்றூர்களில் தேஷ்முகர் எனப்பட்ட நிலக்கிழார்கள் குடியானவர்களிடம் கூலியின்றி 'வெட்டி' ஊழியம் வாங்கினர். 1946 ஜூலை 4-ஆம் நாள் கடவெண்டி என்னும் ஊரில் தொட்டி கொமரய்யா நிலக்கிழாரின் ஆட்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று மூண்ட தீ, கம்யூனிஸ்டுகளின் தலைமையில் ஆயுதக் கிளர்ச்சியாய்ப் படர்ந்தது. நிலக்கிழார் பலர் ஊரை விட்டு நகரத்தில் ஒதுங்கினர்.

1947-இல் நாடு விடுதலை பெற்றது. நிஜாமோ இந்தியாவுடன் இணைய இசையவில்லை. காசிம் ரஜ்வியின் தலைமையில் இயங்கிய ரஜாக்கர் படையினர் சிற்றூர்களைச் சூறையாடினர். அஞ்சிய இந்துக் குடும்பங்கள் எல்லை கடந்து பம்பாய், மத்திய மாகாணம், சென்னை மாகாணம் ஆகியவற்றில் அடைக்கலம் புகுந்தன. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராயிருந்த சென்னை மாகாணத்தில், பெஜவாடா நகரம் இவ்வகதிகள் பலருக்குப் புகலிடமாயிற்று. அதே காலத்தில் வடபுலக் கலவரங்களுக்கு அஞ்சிய முஸ்லிம்கள் ஐதராபாத்தை நாடி வந்தனர். இந்தியாவுடன் இணைவதே நலமென எழுதிய 'இம்ரோஸ்' ஆசிரியர் ஷோயபுல்லா கான் 1948 ஆகஸ்டில் கொல்லப்பட்டார். அவரும் ஒரு முஸ்லிமே என்பதை மறத்தலாகாது.

1948 செப்டம்பர் 13-இல் இந்தியப் படை புகுந்தது; 17-ஆம் நாள் நிஜாம் பணிந்தார். ஓடியவர் வீடு திரும்பினர். ஆயின் துயரம் ஓயவில்லை, திசைதான் மாறிற்று. உஸ்மானாபாத், குல்பர்கா, பீதர், நாந்தேடு மாவட்டங்களில் முஸ்லிம் குடும்பங்கள் தாக்குண்டன. எஞ்சியோர் பலர் ஐதராபாத் நகருக்கு ஓடி வந்தனர். நேரு அனுப்பிய சுந்தர்லால் குழு, குறைந்தது 27,000 முதல் 40,000 பேர் வரை உயிரிழந்திருக்கலாம் என மதிப்பிட்டது. அவ்வறிக்கை பல பத்தாண்டுகள் வெளியிடப்படாமலே கிடந்தது.

அக்குழு மற்றொன்றையும் குறித்துள்ளது: சில இடங்களில் இந்து நெசவாளர், உடன் தொழில் செய்த முஸ்லிம் நெசவாளரைத் தம் உயிரைக் கொடுத்தும் காத்தனர்! தறியால் வந்த உறவு வெறியை வென்றது.

உழவர் கிளர்ச்சி 1951 அக்டோபர் வரை நீடித்தது. அதனை அடக்கும் முயற்சியில், காடுறை கோயர் தம் குடிகளினின்று அகற்றப்பட்டு முகாம்களில் வைக்கப்பட்டனர். இதனிடையே 1949-இல் ஜாகீர் முறை ஒழிந்தது. 1951 ஏப்ரல் 18-இல் போச்சம்பள்ளியில் வினோபா பாவே முன் நூறு ஏக்கர் நிலம் தானமாக அளிக்கப்பட்டுப் பூதான இயக்கம் பிறந்தது.

நிலக்கிழாரும் உழவரும், இந்துவும் முஸ்லிமும், காட்டுவாசியும் ஐந்தே ஆண்டுகளில் அடுத்தடுத்து அகதிகளாயினர். ஒரு சாரார் துயரை மட்டும் எண்ணி மறு சாராரின் துயரை மறைப்பது வரலாறாகாது. 1942-இல் பர்மாவிலிருந்து கால்நடையாய் வந்தோரையும், 1983-க்குப் பின் ஈழத்திலிருந்து கடல் கடந்தோரையும் கண்ட தமிழினத்திற்கு இவ்வுண்மையை விளக்கவும் வேண்டுமோ? அந்நாட்களைக் கண்ட முதியோர் நம் அண்டை வீடுகளில் இன்னும் சிலர் இருத்தல் கூடும். அவர் எச்சாராராயினும், அருகமர்ந்து செவிசாய்ப்போம். கேட்டதை எழுதி வைப்போம். புகுந்த ஊருக்கு நாம் ஆற்றும் நன்றிக்கடன் அதுவே.