சீமையும் ஜில்லாவும்

எங்கள் பக்கத்தில் 'சீமை' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. சீமையெண்ணெய், சீமைச் சரக்கு, சீமைக்குப் போய்வந்த பாரிஸ்டர் என்றெல்லாம் சொல்லும்போது அது வெள்ளைக்காரர்கள் பிறந்த தேசம். 'திருநெல்வேலிச் சீமையிலே, சங்கரன்கோயிலுக்கு மேற்கே...' என்று என் ஆச்சி கதையை ஆரம்பிக்கும்போது அது நாங்கள் பிறந்த மண். ஒரே சொல் எப்படி இரண்டு தேசத்துக்கும் ஊழியம் செய்கிறது என்று சிறு வயதில் நான் குழம்பியதுண்டு. அந்தச் சீமையார் இந்தச் சீமைக்கு வந்து, இதை ஜில்லாவாக்கி, எல்லை போட்டு, வசூலும் செய்துகொண்டு போன கதை பிற்பாடு புத்தகங்களைப் புரட்டியபோதுதான் தெரிய வந்தது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். சரித்திர ஆசிரியர் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் கதை எழுதுகிறவன். காலேஜில் இண்டர்மீடியட்டோடு நின்றுவிட்டவன்.

சங்கரன்கோயிலில் நின்று பார்த்தால் மேற்கே மலை நீலமாகத் தெரியும். பார்க்கத்தான் அழகு, தாமிரபரணி தெற்கே ஓடுகிறது, அதன் பாசனத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை. மழை பெய்தால் குளம், குளம் வற்றினால் கிணறு, கிணறும் வற்றினால் வானம். கிழக்கே போகப் போகக் கரிசல். இந்த மாதிரி பூமியில் மகசூல் எவ்வளவு என்று களத்தில் அளக்கும்வரை யாருக்கும் தெரியாது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிற்பாடு வந்த தகராறெல்லாம் இதிலிருந்துதான் முளைத்தது.

மதுரை நாயக்கர்கள் இந்த நாட்டைப் பாளையங்களாகப் பிரித்து வைத்தார்கள். எழுபத்திரண்டு என்பது கணக்கு. கிழக்கே தெலுங்கு பேசும் நாயக்கர் பாளையங்கள். மேற்கே மறவர் பாளையங்கள். சிவகிரி, நெல்கட்டும்செவல், ஊற்றுமலை, சொக்கம்பட்டி, தலைவன்கோட்டை என்று சங்கரன்கோயிலைச் சுற்றி மட்டும் எத்தனை! பாளையக்காரர் மதுரைக்குக் கொஞ்சம் கப்பம் கட்டுவார். யுத்தம் வந்தால் ஆள் அனுப்புவார். அதற்கு மேல் ஊருக்குக் காவலும் அவர்தான். களவு போனால் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் கைக்காசில் ஈடு செய்ய வேண்டும். அதற்கு ஊரார் கொடுத்த கூலிக்கு ஸ்தலக்காவல், தேசக்காவல் என்று பெயர். காவல்காரரே சில சமயம் களவுக்கும் காரணமாக இருந்தார் என்று கும்பினியார் எழுதி வைத்தார்கள். அது சுத்தப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எழுதினவர்களும் ஒன்றும் பிள்ளையார் கோயில் குருக்கள் அல்ல.

மதுரை நாயக்கர் ஆட்சி முடிந்ததும் கப்பம் கேட்கும் உரிமை ஆர்க்காட்டு நவாபுக்கு வந்தது. நவாப் முகம்மதலியோ கும்பினியாருக்குக் கடன்பட்டவர். கடன்காரருக்குப் பணம் வேண்டும். பணம் பாளையங்களில் இருக்கிறது. ஆகவே கும்பினிப் பட்டாளம் தெற்கே புறப்பட்டது. எங்கள் தாலுகாவுக்குள் இங்கிலீஷ்காரன் முதன்முதலில் வந்த காரியம், சுருக்கமாகச் சொன்னால், ஜப்தி!

1755-ல் கர்னல் ஹெரான் நெல்கட்டும்செவலுக்கு முன்னால் வந்து நின்றான். உள்ளே இருந்தவர் பூலித்தேவர். ஹெரானிடம் கோட்டையை உடைக்கும் பெரிய பீரங்கி இல்லை; சோற்றுக்கே தட்டுப்பாடு. இருபதினாயிரம் ரூபாய் கொடுத்தால் திரும்பிப் போய்விடுவதாகத் தூது விட்டான். உள்ளே இருப்பவருக்கு வெளியே இருப்பவனின் சமையல்கட்டு நிலவரம்வரை தெரியும். ஒரு காசு பெயரவில்லை. ஹெரான் போய்விட்டான். பிற்பாடு அவனையே கும்பினியார் விசாரணை செய்து உத்தியோகத்திலிருந்து நீக்கினார்கள்.

அடுத்து வந்தவர் யூசுப்கான். இந்தப் பக்கத்து மனிதர்; இந்தப் பக்கத்து மண்ணும் மனசும் தெரிந்தவர். அதனால்தான் ஹெரானால் முடியாதது அவரால் முடிந்தது. 1760 டிசம்பரில் வாசுதேவநல்லூர்க் கோட்டையை முட்டிப் பார்த்துத் தோற்றார். 1761-ல் மறுபடி வந்து பிடித்துவிட்டார். பூலித்தேவரின் கோட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. மூன்று வருஷம் கழித்து, 1764-ல், அதே யூசுப்கானைக் கும்பினியாரும் நவாபும் சேர்ந்து மதுரையில் தூக்கில் போட்டார்கள். கதையாக எழுதினால், 'இவ்வளவு சௌகரியமாக எங்கேயாவது நடக்குமா?' என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

1767-ல் கர்னல் கேம்பெல் மறுபடியும் வாசுதேவநல்லூரை முற்றுகையிட்டான். கோட்டை மண் சுவர்தான். பீரங்கி துளைத்த இடத்தை உள்ளே இருந்தவர்கள் குண்டு மழைக்கு நடுவிலேயே வைக்கோலும் பனையோலையும் திணித்து அடைத்தார்கள். எதிரியே இதை வியந்து எழுதியிருக்கிறான். இதைப் படித்த அன்று நான் வெகு நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. வைக்கோல் கட்டைத் தலையில் சுமந்துகொண்டு சுவரருகே ஓடினவன் முந்தின நாள்வரை குடியானவனாக இருந்திருப்பான். வைக்கோல் சுமக்கிற பழக்கம் அவனுக்குத்தானே உண்டு?

பூலித்தேவரின் முடிவு பற்றிச் சரித்திர ஆசிரியர்கள் ஒரே குரலில் பேசுவதில்லை. எங்கள் ஊர் ஒரே குரலில் பேசும். பிடித்துக்கொண்டு போகும் வழியில் சங்கரநாராயணரைக் கும்பிட வேண்டும் என்று கேட்டார், விட்டார்கள், சந்நிதியில் நின்று பாடினார், விலங்கு தெறித்தது, புகையும் ஜோதியுமாக ஏதோ எழுந்தது, ஆளைக் காணோம். கோயிலுக்குள் அந்த இடத்தைப் பூலித்தேவர் அறை என்று இன்றும் காட்டுகிறார்கள். என் ஆச்சி அங்கே நின்று, "உள்ள போனாக; இன்னும் வெளிய வரல" என்பாள், ஏதோ அடுத்த தெருவுக்குப் போனவரைப் பற்றிச் சொல்வது மாதிரி.

சங்கரன்கோயில் ஸ்தலபுராணம் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது. சங்கன், பதுமன் என்று இரண்டு நாகங்கள், சிவன் பெரியவரா விஷ்ணு பெரியவரா என்று வழக்காடின. கோமதியம்மன் புன்னைவனத்தில் தவமிருக்க, சுவாமி பாதி சங்கரராகவும் பாதி நாராயணராகவும் காட்சி தந்து வழக்கைத் தீர்த்தார். அந்தத் தவத்துக்குத்தான் ஆடித்தபசு. இரண்டு கட்சிக்கும் இடம் கொடுக்கிற சந்நிதியில், பிடிபட்டவர் என்ற கட்சிக்கும் பிடிபடாதவர் என்ற கட்சிக்கும் இடமில்லாமல் போகுமா?

இனி ஜில்லாவுக்கு வருகிறேன். 1781-ல் நவாப் வரி வசூலைக் கும்பினியிடம் ஒப்படைத்தார். திருநெல்வேலி ஜில்லா பிறந்த தேதி என்று சொல்லப்படுவது 1790 செப்டம்பர் 1. பூலித்தேவர் பிறந்த நாள் என்று வருஷந்தோறும் கொண்டாடப்படுவதும் செப்டம்பர் 1-தான், 1715-ஆம் வருஷத்தது. யார் யாருக்காக இந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்காதீர்கள், தற்செயல்தான். ஆனால் காலண்டருக்கும் குறும்பு உண்டு.

இங்கிலாந்தில் 'கவுண்டி' என்று ஒரு பிரிவு உண்டு. அது அந்த ஊர் ஜனங்களோடு கூடவே பல நூறு வருஷம் வளர்ந்தது. அந்தக் கவுண்டிகளிலிருந்து வந்த பிள்ளைகள் இங்கே செய்து வைத்தது வேறு சாமான். ஜில்லா என்பது வசூலுக்காக வெட்டிய துண்டு. அதன் தலைவருக்கு வைத்த பெயரே கலெக்டர், அதாவது தண்டல்காரர். இரண்டு நூற்றாண்டுக்கு மேலாக நாம் அந்தப் பெயரை மரியாதையோடு உச்சரித்து உச்சரித்து அதன் அர்த்தம் காதில் விழாமல் போய்விட்டது. "என் பிள்ளை கலெக்டராக வேண்டும்" என்று சங்கரன்கோயிலில் புற்றுமண் இட்டுக்கொண்டு வேண்டுகிற தாயார் யாரும், பிள்ளை வரி தண்ட வேண்டும் என்று வேண்டுவதில்லை.

1799-ல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். 1801-ல் பாஞ்சாலங்குறிச்சி இரண்டாம் தடவை விழுந்தது. அதே வருஷம் ஜூலை 31-ல் நவாபின் ராஜ்யமே கும்பினிக்குக் கைமாறியது. டிசம்பர் 1-ல் கவர்னர் எட்வர்டு கிளைவின் பிரகடனம் வந்தது: ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், பாளையக்காரரின் படை அதிகாரம் ரத்து, பதிலுக்கு நிரந்தரமான வரித்திட்டம். அதற்கு அடுத்த இரண்டு வருஷத்துக்குள் பாளையக்காரர்கள் ஜமீன்தார்களானார்கள். வாளைக் கொடுத்துச் சன்னது வாங்கிக்கொண்டார்கள். தேசக்காவல் போயிற்று, பேஷ்குஷ் நின்றது.

பிஷப் கால்டுவெல் 1881-ல் திருநெல்வேலிச் சரித்திரம் எழுதினார். நல்ல புத்தகம். எங்கள் சீமைக்கு முதலில் ஒழுங்காகச் சரித்திரம் எழுதியவர் அவர் என்ற நன்றி எனக்கு உண்டு. ஆனால் 1801-ல் சரித்திரத்தை நிறுத்திவிடுகிறார். அவர் 1841 முதல் இடையன்குடியில் வாழ்ந்தவர். தம் கண் முன்னால் நாற்பது வருஷம் பார்த்தவர். பீரங்கிச் சத்தம் நின்றதும் சரித்திரமும் நின்றுவிட்டது என்பது ராஜாங்கத்தாரின் எண்ணம். குடியானவனுக்கு அங்கேதான் ஆரம்பம்.

எப்படியென்றால், ஜமீன்தார் கும்பினிக்குக் கட்ட வேண்டிய தொகை மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் மாறாது. குறிப்பிட்ட தேதிக்குள் கட்டாவிட்டால் ஜமீனே ஏலம். ஆகவே அவர் குடியானவனைப் பிடித்தார். குடியானவன் யாரைப் பிடிப்பான்? வானத்தைத்தான் பார்க்க வேண்டும். குடியானவனுக்கு எழுத்து மூலம் பட்டா கொடுத்து, அவனிடமிருந்து முச்சிலிக்கா வாங்க வேண்டும் என்று 1865-ல் ஒரு சட்டம் வந்தது. நிலத்தில் அவனுக்குச் சாசுவதமான சாகுபடி உரிமை என்று 1908-ல் இன்னொரு சட்டம் வந்தது. சட்டங்கள் சென்னையில் பிறந்து எங்கள் ஊருக்கு நடந்து வந்து சேர நாளாகும்.

ஜமீன்தார்கள் எல்லாரும் பொல்லாதவர்கள் என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் இல்லாவிட்டால், சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரை ஆதரிக்க ஆள் இருந்திராது. சென்னிகுளம் சங்கரன்கோயிலுக்குப் பக்கத்துக் கிராமம். காவடிச்சிந்து பிறந்தது அப்படித்தான். இன்று தமிழர்கள் காவடி தூக்கும் இடமெல்லாம், கடல் கடந்தும் அந்தச் சந்தம் ஒலிக்கிறது. அந்தப் பாட்டுக்கான சோறு எந்தக் குடியானவன் வரியிலிருந்து வந்தது என்று கேட்டால் கேட்கலாம். நான் கேட்டுவிட்டு, பாட்டையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

என் தாத்தாவும் ஒரு ஜமீன் குடியானவர். ஜமீனின் பெயரை எழுதப் போவதில்லை. மூன்று ஏக்கர் சொச்சம் புஞ்சை, கம்பும் பருத்தியும். அவரும் அவருடைய பெரியப்பா மகனும் பாகம் பிரித்துக்கொண்டு உழுதார்கள். ஆனால் கிஸ்தி ரசீது மட்டும் பெரியவர் பெயரிலேயே வரும். பெரியவர் பெயரைப் போட்டு, பக்கத்தில் 'வகையறா' என்று ஒரு சொல். அந்த வகையறாதான் என் தாத்தா.

ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-ல் வந்தது. அதன்படி நிலத்தை அளந்து, விசாரித்து, ரயத்துவாரிப் பட்டா கொடுத்தார்கள். நல்ல சட்டம், எத்தனையோ குடும்பங்கள் தலை நிமிர்ந்தன. விசாரணைக்குத் தாத்தா தகரப் பெட்டியோடு போனார். பெட்டி நிறைய ரசீது. "இதில் உங்கள் பெயர் எங்கே?" என்று கேட்டாராம் விசாரித்த உத்தியோகஸ்தர். தாத்தா அந்த வகையறாவின் மேல் விரலை வைத்துக் காட்டினாராம். பட்டா பெரியவர் வீட்டுக்குப் போயிற்று. தாத்தா இருந்தவரை அவர்கள் உழவைத் தடுக்கவில்லை. தாத்தாவும் கடைசிவரை 'என் புஞ்சை' என்றே சொன்னார். அவருக்குப் பிறகு அது கைமாறிவிட்டது. இப்போது அதில் வீடுகள். தகரப் பெட்டி என்னிடம் இருக்கிறது.

ஜில்லா மாத்திரம் சாசுவதமாக இருந்ததா என்ன? 1910-ல் சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் புதிய ராமநாதபுரம் ஜில்லாவுக்குப் போயின. 1927-ல் விருதுநகரிலிருந்து தென்காசிக்கு ரயில் வந்து, சங்கரன்கோயில் ஒரு ஸ்டேஷனாயிற்று. 1956 நவம்பர் 1-ல் செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கத்திலிருந்து எங்களோடு சேர்ந்தது. 1986-ல் கிழக்குக் கரை தூத்துக்குடியோடு பிரிந்தது. 2019 நவம்பர் 22-ல் தென்காசி மாவட்டம் உதயமாயிற்று. சங்கரன்கோயிலும் அதில் போயிற்று. இடையில், பழைய தஸ்தாவேஜுகளில் சங்கரநயினார்கோயில் என்று நீளமாக இருந்த பெயரும் குறுகிவிட்டது.

முன்பெல்லாம் எங்கள் மனுக்கள் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்குப் போகும். அதற்குத் தாமிரபரணிப் பாலத்தைத் தாண்ட வேண்டும். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் கட்டிக் கொடுத்து, 1843-ல் திறந்த பாலம் அது. என் தகப்பனார் அந்தப் பாலத்தின் மேல் போகும்போதெல்லாம், "வசூல் ஆபீஸிலே இருந்துகிட்டுக் குடுத்த மனுஷன்டா" என்பார்.

சென்ற ஆடித்தபசுக்கு ஊருக்குப் போயிருந்தேன். கூட்டத்தில் ஒதுங்கிப் பூலித்தேவர் அறைப் பக்கம் நின்றேன். ஒரு சிறுவன் தன் ஆச்சியிடம், "எப்ப வெளிய வருவாக?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவள் பதில் சொல்லுமுன் கூட்டம் தள்ளிவிட்டது. மறுநாள், பழைய நிலப் பதிவேட்டின் நகல் ஒன்று வேண்டும் என்று ஒரு காரியாலயத்தில் மனு எழுதிக் கொடுத்தேன். புஞ்சைக்காக அல்ல, அந்த வகையறாவை ஒரு தடவை சர்க்கார் ஏட்டில் பார்க்க ஆசை. குமாஸ்தா மனுவை என்னிடமே திருப்பித் தந்தார். விலாசத்தில் 'திருநெல்வேலி மாவட்டம்' என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டுத் 'தென்காசி' என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.