வலியை மறைக்கும் மாத்திரை



கால்பந்து ஆடுவோர்க்குக் கணுக்கால் பிசகுவது புதிதன்று. என் இளமையில் எனக்கு அவ்வாறு நேர்ந்தபோது, பாட்டியார் புளியும் உப்பும் கரைத்துக் காய்ச்சிப் பற்றிட்டு, பத்து நாள் என்னைத் திண்ணையில் இருத்தினார். இன்றைய மாணவர் மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு மறுநாளே களம் புகுகின்றார். அம்மாத்திரையின் வரலாற்றைச் சொல்ல விரும்புகின்றேன்.

1763-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் எட்வர்டு ஸ்டோன் என்னும் பாதிரியார், வில்லோ மரப்பட்டையைப் பொடித்துக் காய்ச்சலுற்ற ஏறத்தாழ 50 பேருக்குக் கொடுத்துக் குணங்கண்டதை இராயல் சொசைட்டிக்கு எழுதி அனுப்பினார். பட்டையின் சத்தை வேதியியலார் தொடர்ந்து ஆராய்ந்தனர். 1897-இல் ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தார் தூய ஆஸ்பிரினை ஆக்கினர். ஆயினும், மூட்டு வீக்கத்துக்காக அதனை மிகுதியாக உண்டோர் பலருக்கு வயிறு புண்ணாயிற்று. அதனினும் உடல் பொறுக்கத்தக்க மருந்தொன்றைத் தேடிய ஸ்டூவர்ட் ஆடம்ஸும் உடனுழைத்தோரும், நாட்டிங்ஹாம் நகரில் 1961-இல் இபுப்ரோஃபெனைக் கண்டனர். மூட்டுவாத நோயாளர்க்கென 1969-இல் வெளிவந்த அம்மருந்து, பின்னர் விளையாட்டு வீரர் பையிலும் இடம்பெற்றது.

இவை எவ்வாறு வேலை செய்கின்றன? விடையை 1971-இல் ஜான் வேன் கண்டார். 1982-இல் நோபல் பரிசில் பங்கும் பெற்றார். காயம்பட்ட இடத்தில் புராஸ்டகிளாண்டின் என்னும் பொருள் உண்டாகி, வீக்கத்தையும் வலியையும் விளைக்கின்றது. மருந்து அதன் ஆக்கத்தைத் தடுக்கின்றது. ஆனால், அவ்வினப் பொருளே இரைப்பையின் உட்சுவரைக் காக்கின்றது. சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதி குறையாமலும் பார்த்துக்கொள்கின்றது. கள்வனைக் கட்டப்போய்க் காவலனையும் சேர்த்துக் கட்டியது போன்றது இது. வியர்த்து நீரிழந்து ஓடும் ஆட்டக்காரருக்குச் சிறுநீரகக் கேடு இன்னும் எளிதில் நேரும்.

இவ்வளவு அறிந்த பின்னும் நிகழ்ந்தது என்ன? 2010 உலகக் கோப்பையில் அணி மருத்துவர்கள் கொடுத்த கணக்கின்படி, ஆட்டக்காரருள் மூன்றிலொரு பங்கினருக்கு மேல் ஒவ்வோர் ஆட்டத்திற்கு முன்பும் வலி மருந்து உண்டனர். நோய்க்கு மருந்து என்பது போய், ஆட்டத்திற்கு மருந்து என்றாயிற்று.

மருந்தை நான் பழிக்கவில்லை. மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை உண்பது நன்றே. ஆனால், மாத்திரை வலியை மறைக்குமேயன்றிக் கிழிந்த மூட்டு நாரை ஒட்டாது. வலி தெரியாமல் ஓடுகின்ற கால், மேலும் கிழிவதையும் தெரியாமலே ஓடும். பாட்டியார் அன்று செய்த மருத்துவத்தில், பற்றைக் காட்டிலும் திண்ணையே பெரிதென்று இப்பொழுது உணர்கின்றேன்.