பூனை சாப்பிட மறுக்கிறதா? முதல் 24 மணி நேரத்தில் நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

காலையில் ஆபீஸ் கிளம்பும்போது வைத்த சாப்பாடு, ராத்திரி திரும்பி வந்தபோதும் தட்டில் அப்படியே இருக்கிறது. பூனை கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடக்கிறது. 'பசிச்சா தானா சாப்பிடும்' என்று விட்டுவிடலாமா? கூடாது.

ஏன் இந்த அவசரம்?

பட்டினி கிடக்கும்போது, பூனையின் உடல் சேமித்து வைத்த கொழுப்பைக் கரைத்துக் கல்லீரலுக்கு அனுப்பும். அவ்வளவு கொழுப்பை அதன் கல்லீரலால் சமாளிக்க முடியாது. கொழுப்பு அங்கேயே தேங்கி, கல்லீரல் செயலிழக்கத் தொடங்கும். இதன் பெயர் 'ஹெபாடிக் லிப்பிடோசிஸ்'. சில நாள் பட்டினியே இதற்குப் போதும். குண்டுப் பூனைகளுக்கு ஆபத்து அதிகம். ஆரம்பித்தது வெறும் சளியாக இருந்தாலும், பட்டினியே உயிருக்கு உலை வைத்துவிடலாம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* பூனைக்கு வாசனைதான் பசியைத் தூண்டும். மூக்கு அடைத்திருந்தால் வெதுவெதுப்பான ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.
* உணவை லேசாகச் சூடாக்குங்கள். கையில் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தால் போதும்.
* எலும்பில்லாத கோழிக்கறியை உப்பு, மசாலா சேர்க்காமல் வேகவைத்துக் கொடுங்கள். வெங்காயம், பூண்டு வேண்டவே வேண்டாம். அவை பூனையின் சிவப்பணுக்களை அழிக்கும்.
* மலம் கழிக்கும் இடத்திலிருந்து தள்ளி, அமைதியான மூலையில் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள்.

என்ன செய்யக் கூடாது?

* வாயைப் பிளந்து ஊட்டாதீர்கள். புரையேறி நுரையீரலுக்குள் போகலாம். அந்த உணவின் மீதே வெறுப்பும் வந்துவிடும்.
* பிடித்த சாப்பாட்டில் மருந்தைக் கலக்காதீர்கள். அப்புறம் அதையும் தொடாது.
* காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொல்லலாம்.
* பால் தீர்வல்ல. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது வயிற்றுப்போக்கைத் தரும்.

டாக்டரிடம் எப்போது?

வளர்ந்த பூனை 24 மணி நேரம் எதுவுமே சாப்பிடாவிட்டால் கிளம்புங்கள். குட்டி என்றால் 12 மணி நேரம்கூட அதிகம். தொடர் வாந்தி, கண்ணிலோ ஈறிலோ மஞ்சள், வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வராதது: இதில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

பல், சிறுநீரகம், கல்லீரல் என்று காரணத்தைத் தேடுவார்கள். குமட்டலை நிறுத்தவும் பசியைத் தூண்டவும் மருந்துகள் உண்டு. அப்படியும் சாப்பிடாவிட்டால் மூக்கு அல்லது கழுத்து வழியாகக் குழாய் போடலாம். குழாய் என்றதும் பயப்படாதீர்கள். லிப்பிடோசிஸ் வந்த பூனைகளில் பல, அப்படி ஊட்டித்தான் சில வாரங்களில் தேறுகின்றன.

போகும் முன் கடைசியாக எப்போது சாப்பிட்டது, தண்ணீர் குடித்ததா, சிறுநீர் போனதா என்று போனில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பூனையால் சொல்ல முடியாததை, டாக்டரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.