தாதா என்றால் யார்?

தாதா என்றதும் நமக்கு மும்பை ரவுடிதான் ஞாபகம் வரும். அது அண்ணனையும் பாட்டனாரையும் குறிக்கும் வடநாட்டு உறவுச்சொல். வடமொழியில் இன்னொரு தாதா உண்டு: கொடுப்பவர். லத்தீன் 'தாத்தோர்' இதற்குச் சொந்தம். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்!

இந்தியில் இந்தத் தாதா சௌக்கியமாகவே இருக்கிறார். விவசாயி அன்னதாதா. வரி கட்டுபவர் கர்தாதா. வாக்காளர் மத்தாதா, 2011 முதல் ஜனவரி 25 அவருடைய நாள். கடன் கொடுக்கும் எங்களைப் போன்ற வங்கிகளோ 'ரிண்தாதா'. வட்டியும் வாங்கிக்கொண்டு இந்தப் பட்டம் வேறா என்று எனக்கு நெருடல்தான்.

தொல்காப்பியர் கணக்கு வேறு. அவர் கேட்பவரைப் பார்க்கிறார். தாழ்ந்தவர் கேட்டால் 'ஈ', ஒத்தவர் 'தா', உயர்ந்தவர் 'கொடு'. கடன் கேட்டு வரும் நம்மூர்க்காரர் "கொடுங்க சார்" என்கிறார். இலக்கணப்படி அவர்தான் பெரியவர் :-)