அழித்தால் மட்டும் போதுமா? ஒரு கைரேகைக் கதையும் ஒரு முகக் கதையும்

செயற்கை நுண்ணறிவை வைத்து ஒரு கம்பெனி ஆரம்பிக்க வேண்டும் என்று நம் வகுப்பில் பாதிப்பேர் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனால் "டேட்டா எங்கேயிருந்து வரும்?" என்று கேட்டால் முழிக்கிறோம். அந்தக் கேள்விக்கு அவசரப்பட்டு விடை தேடிய ஒரு அமெரிக்க கம்பெனியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை.

தகவல் பாதுகாப்புக்கென்று உலகில் முதலில் சட்டம் போட்டது ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநிலம், 1970-ல். மூன்று வருடம் கழித்து, 1973-ல், அமெரிக்க அரசு அமைத்த ஒரு குழு அறிக்கை கொடுத்தது. அதில் ஒரு முக்கியமான கொள்கை: ஒரு காரியத்துக்காக வாங்கிய தகவலை, சம்பந்தப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. கேட்க ரொம்ப சாதாரணமாக இருக்கிறது இல்லையா? பின்னால் வந்த வழக்குகளில் பல இந்த ஒரு வரியை மீறியதால் வந்தவைதான்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் 'பே பை டச்' என்று ஒரு கம்பெனி இருந்தது. கடையில் விரலை வைத்தால் போதும், பில் கட்டியாகிவிடும். 2007-ல் அது திவாலானது. கம்பெனி போனால் போகட்டும், மக்களின் கைரேகைகள்? கடன்காரர்களுக்கு அதையும் விற்பார்களோ என்ற பயம் கிளம்பியது. பாஸ்வேர்டு திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். விரலை மாற்ற முடியுமா? இந்தப் பயத்தில் பிறந்ததுதான் இல்லினாய் மாநிலத்தின் 2008 சட்டம். எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் கைரேகையோ முக அளவுகளோ எடுத்தால், பாதிக்கப்பட்டவரே வழக்குப் போடலாம். கவனக்குறைவு என்றால் 1,000 டாலர், வேண்டுமென்றே செய்தால் 5,000 டாலர்.

இப்போது முகக் கதைக்கு வருவோம். 'எவர்' என்ற ஆப், போட்டோக்களைச் சேமித்து வைக்கும் சேவை. 2017-ல் முகங்களை அடையாளம் காணும் வசதியைச் சேர்த்தார்கள். 2018 மே மாதத்திலிருந்து இல்லினாய், டெக்ஸாஸ், வாஷிங்டன் மாநிலங்களிலும் ஐரோப்பிய யூனியனிலும் இருந்தவர்களிடம் "வேண்டுமா?" என்று கேட்டார்கள். மற்றவர்களுக்கு 2019 ஏப்ரல் வரை அது தானாகவே ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்த வழியே இல்லை. ஒரே ஆப், ஒரே கம்பெனி. சட்டம் இருந்த ஊரில் மட்டும் மரியாதை!

அதோடு விடவில்லை. பயனர்களின் போட்டோக்களிலிருந்து லட்சக்கணக்கான முகங்களை எடுத்து, வெளியில் விற்கும் முக அடையாளத் தொழில்நுட்பத்தை வளர்க்கப் பயன்படுத்தினார்கள். கணக்கை மூடியவர்களின் போட்டோக்களையும் சொன்னபடி அழிக்கவில்லை. குடும்பப் படம் சேமிக்கக் கொடுத்தது, விற்பனைச் சரக்குக்குப் பயிற்சிப் பாடமானது. 1973 கொள்கை அப்படியே காற்றில் பறந்தது.

2021-ல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் தீர்வு சொன்னது. அபராதம் ஒரு டாலர்கூட இல்லை. ஆனால் அந்தப் போட்டோக்களை வைத்து உருவாக்கிய மாடல்களையும் அல்காரிதங்களையும் சேர்த்து அழிக்க வேண்டும் என்றது!

ஏன் இவ்வளவு கடுமை? பாயசத்தில் கரைந்த வெல்லத்தைத் திரும்ப எடுக்க முடியாது. போட்டோவை அழித்தாலும், அதிலிருந்து கற்றது மாடலுக்குள் இருக்கும். அதை வைத்து லாபம் பார்க்க விட்டால், தப்பு செய்தவனுக்கு நஷ்டமே இல்லை. பெரிய கம்பெனி அபராதத்தைச் செலவுக் கணக்கில் எழுதிவிடும். ஆனால் ஒரு சின்ன கம்பெனிக்கு அந்த மாடல்தான் மொத்தச் சொத்தே.

இந்தியாவின் 2023 தகவல் பாதுகாப்புச் சட்டமும், சம்மதம் என்பது குறிப்பிட்ட காரியத்துக்கு மட்டும்தான் என்கிறது. அதனால் நண்பர்களே, வக்கீலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். முதல் நாளே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எந்தத் தகவல், யாரிடம் வாங்கியது, எதற்கென்று சொல்லி வாங்கியது. மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத தகவலை மாடலின் பக்கமே கொண்டு போகாதீர்கள்.